72 நாள் தேடல்: டாட்டன்ஹாம் எங்கே சறுக்கியது?

வாசகர் ஒருவர் கேட்ட கேள்வியில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. 2021இல் ஜோசே மொரினியோவை நீக்கிய வடக்கு லண்டன் கால்பந்து கிளப்பான டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர், அடுத்த மேலாளரை, அதாவது தலைமைப் பயிற்சியாளரை, அறிவிக்க ஏன் 72 நாள் எடுத்துக்கொண்டது, அழைக்கப்பட்டவர்கள் வரிசையாக மறுத்ததுதான் காரணமா என்பது முதற்பகுதி. இருப்பவரை நீக்கும் முன்பே மாற்று ஆளைப் பேசி வைத்திருக்கக் கூடாதா என்பது இரண்டாம் பகுதி. என் கணிப்பில், மறுப்புகளால் நாட்கள் வீணாயின என்பது உண்மை. ஆனால் தேடலின் முடிவு பழுதானதற்குக் காரணம் வேறு. எப்படிப்பட்டவர் வேண்டும், அவரை யார் தேர்ந்தெடுப்பது என்ற இரண்டுமே தீர்மானமாகாத நிலையில் தேடல் தொடங்கியது. அது பாதி தூரம் போன பிறகு தேர்ந்தெடுப்பவரே மாறினார்.

மொரினியோ நீக்கப்பட்ட நாள் 2021 ஏப்ரல் 19. அணி இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக்கில் 7ஆம் இடத்தில் இருந்தது. ஒரு மாதத்துக்கு முன், ஐரோப்பியக் கிளப்புகளின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக்கில் குரோவேஷியாவின் டினாமோ சாக்ரெப்பை முதல் ஆட்டத்தில் 2–0 என வென்றுவிட்டு, மறு ஆட்டத்தில் 3–0 எனத் தோற்று வெளியேறியிருந்தது. மிஸ்லாவ் ஓர்சிச் என்ற ஒருவரே மூன்று கோல்களையும் அடித்தார். ஆகவே நீக்கம் யாருக்கும் பெரிய அதிர்ச்சியாக இல்லை. அது நடந்த வேளைதான் புருவத்தை உயர்த்த வைத்தது. முந்தைய நாள் இரவுதான், ஐரோப்பாவின் 12 பெரிய கிளப்புகள் சேர்ந்து சூப்பர் லீக் என்ற தனிப் போட்டியைத் தொடங்கப்போவதாக அறிவித்திருந்தன. டாட்டன்ஹாம் அந்தப் பன்னிரண்டில் ஒன்று. இங்கிலாந்து முழுவதும் ரசிகர்கள் கொதித்தெழ, இரண்டே நாளில் இங்கிலாந்துக் கிளப்புகள் ஆறும் பின்வாங்கின. போதாக்குறைக்கு, ஆறு நாளில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக வெம்ப்ளியில் லீக் கோப்பை இறுதிப் போட்டி காத்திருந்தது. 2008க்குப் பிறகு ஒரு கோப்பையும் வெல்லாத கிளப், இறுதிப் போட்டிக்கு ஆறு நாள் இருக்கும்போது, கோப்பைகளை வெல்வதற்கென்றே அழைத்து வந்த ஒருவரை அனுப்பிவைத்தது.

இடைக்காலப் பொறுப்பு ரயன் மேசனிடம் போனது. அவருக்கு அப்போது வயது 29. பிரீமியர் லீக்கில் அணியை வழிநடத்தியவர்களில் அவ்வளவு இளையவர் அதுவரை இல்லை. ஹல் சிட்டிக்காக ஆடியபோது 2017 ஜனவரியில் தலையோடு தலை மோதி மண்டையோடு உடைந்ததால், 26 வயதிலேயே ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற நேர்ந்தவர் அவர். இறுதிப் போட்டியில் அணி 1–0 எனத் தோற்றது. அவர் பொறுப்பில் ஆடிய ஆறு லீக் ஆட்டங்களில் நான்கை வென்று, ஆர்சனலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாக 7ஆம் இடத்தைப் பிடித்தது. தற்காலிகமாக வந்த இளைஞரிடமிருந்து இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. அவரால் கிளப்புக்குக் கிடைத்தது கால அவகாசம். அந்த அவகாசத்தை என்ன செய்தார்கள் என்பதில்தான் அந்தக் கேள்விக்கான பதில் இருக்கிறது.

முதலில் பேசப்பட்ட பெயர், ஜெர்மனியின் லைப்சிக் கிளப்பில் பயிற்சியாளராக இருந்த யூலியன் நாகல்ஸ்மான். ஆனால் மொரினியோவின் நீக்கத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே பயர்ன் மியூனிக்கின் பயிற்சியாளர் ஹான்சி ஃபிளிக், தான் விலக விரும்புவதாக வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். பயர்ன் பதவி காலியாகப் போகிறது என்று தெரிந்த பிறகு, பவேரியாவில் பிறந்து வளர்ந்த நாகல்ஸ்மான் வடக்கு லண்டனுக்கு விமானம் ஏறுவார் என்று நம்ப இடமே இல்லை. ஏப்ரல் 27 அன்று அவர் பயர்னுக்குப் போவது அறிவிக்கப்பட்டது. மூன்று நாள் கழித்து, நெதர்லாந்தின் அயாக்ஸ் கிளப்பின் பயிற்சியாளர் எரிக் டென் ஹாக் அங்கேயே ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டார். மே மாத இறுதியில், டாட்டன்ஹாமே 2019 நவம்பரில் நீக்கிய மொரிசியோ பொச்செட்டினோவைத் திரும்ப அழைக்க முயல்வதாகச் செய்திகள் வந்தன. அவர் அப்போது பாரிஸ் சென்-ஜெர்மைனில் ஒப்பந்தத்தில் இருந்தார், அங்கிருந்து அசையவில்லை. மறுப்புகளின் பட்டியல் என்று பலரும் சொல்வது இதைத்தான். உண்மையில் இவற்றில் எதுவும் டாட்டன்ஹாமை எடைபோட்டுப் பார்த்து நிராகரித்த முடிவு அல்ல. வேறு இடத்தில் நல்ல வேலையில் இருந்தவர்கள் அங்கேயே இருந்தார்கள், அல்லது அதைவிடப் பெரிய இடத்துக்குப் போனார்கள், அவ்வளவுதான். எந்தக் கிளப்பின் தேடலிலும் முதல் மாதம் ஏறக்குறைய இப்படித்தான் கழியும்.

இதற்கிடையே, மே மாதம் கிளப்பின் தலைவர் டேனியல் லீவி ரசிகர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். புதிய மைதானத்தைக் கட்டி முடிப்பதிலும் பெருந்தொற்றைச் சமாளிப்பதிலும் மூழ்கியதால் சில முக்கியமான முன்னுரிமைகளைத் தவறவிட்டுவிட்டோம் என்று அதில் ஒப்புக்கொண்டார். அடுத்து வருபவர் தடையின்றிப் பாயும், தாக்கி ஆடும், பார்ப்பவரை மகிழ்விக்கும் கால்பந்தை மீட்பவராகவும், கிளப்பின் அகாடமியில் வளரும் இளம் வீரர்களுக்கு இடம் தருபவராகவும் இருப்பார் என்று உறுதியளித்தார். சூப்பர் லீக் விவகாரத்தில் கொதித்துப்போயிருந்தவர்களைத் தணிக்க எழுதப்பட்டது என்றாலும், கடிதம் அளவில் அது நல்ல கடிதம். தேடலுக்கு ஓர் அளவுகோலைப் பகிரங்கமாக வகுத்துக் கொடுத்தது. பின்னால் நடந்தவற்றை மதிப்பிட நமக்கும் அதைவிடத் தெளிவான அளவுகோல் தேவையில்லை.

கடிதம் வெளியான சில நாட்களிலேயே அந்த அளவுகோல் வளைந்தது. இன்டர் மிலானுக்கு இத்தாலிய லீக் பட்டத்தை வென்று தந்த அந்தோனியோ கோந்தே, உரிமையாளர்கள் செலவைக் குறைக்க முற்பட்டதால் மே 26 அன்று அங்கிருந்து விலகினார். டாட்டன்ஹாம் உடனே அவரிடம் பேசத் தொடங்கியது. கோந்தே மிகச்சிறந்த பயிற்சியாளர், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மூன்று தடுப்பாட்டக்காரர்களைப் பின்னால் நிறுத்தி, ஒவ்வொரு நகர்வையும் பயிற்சியில் திரும்பத் திரும்பப் பழக்கி, ஆயத்தமான வீரர்களை உடனே வாங்கித் தரச் சொல்பவர் அவர். கடிதம் வர்ணித்த மனிதர் அவரல்ல. கிளப்போ மைதானக் கடன் தோளை அழுத்த, ரசிகர்களை உள்ளே விட முடியாமல் ஓராண்டு வருமானத்தை இழந்து, இங்கிலாந்து வங்கியின் பெருந்தொற்றுக் கால உதவித் திட்டத்தில் 175 மில்லியன் பவுண்டு கடன் வாங்கியிருந்தது. ஜூன் முதல் வாரத்தில் பேச்சு முறிந்ததில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

அதே வேளையில்தான் முக்கியமான மாற்றம் நிகழ்ந்தது. இத்தாலியின் யுவென்டஸ் கிளப்பிலிருந்து வெளியேறிய ஃபாபியோ பாரத்தீச்சி, கால்பந்து விவகாரங்களுக்கான நிர்வாக இயக்குநராக ஜூன் 12 அன்று அறிவிக்கப்பட்டார். அதற்குள், ரோமா அணியை விட்டு வந்திருந்த போர்ச்சுகல்காரர் பாவ்லோ ஃபொன்சேகாவுடன் பேச்சு ஏறக்குறைய முடிவாகியிருந்தது. உக்ரைனின் ஷாக்தார் தோனெட்ஸ்க்கிலும் ரோமாவிலும் அவர் ஆடவைத்தது தாக்கி ஆடும் கால்பந்துதான். லீவியின் கடிதத்தோடு ஓரளவு பொருந்திய ஒரே பெயர் அவருடையது. புதிய இயக்குநர் வந்த ஒரு வாரத்துக்குள் அந்தப் பேச்சு கைவிடப்பட்டது. மாப்பிள்ளை வீட்டில் பேசி முடித்து நாள் குறிக்கும் நேரத்தில் வெளியூரிலிருந்து பெரியப்பா வந்து இறங்கினால் என்ன ஆகுமோ, அதுதான் ஆனது. பாரத்தீச்சியைக் குறை சொல்லிப் பயனில்லை. மேலாளரின் வெற்றி தோல்விக்குப் பொறுப்பேற்கப் போகிறவர், தான் தேர்ந்தெடுக்காத ஒருவரை ஏற்கத் தயங்குவது இயல்பு. அவரை முதலில் நியமித்துவிட்டு, அதன் பிறகு மேலாளரைத் தேடத் தொடங்கியிருக்க வேண்டும். ஏப்ரலில் நடந்திருக்க வேண்டிய நியமனம் ஜூனில் நடந்ததால், ஏப்ரலும் மேயும் செய்த வேலை முழுவதும் செல்லாமல் போனது.

ஃபொன்சேகாவை விட்ட கையோடு ஜென்னாரோ கத்தூசோவின் பெயர் வந்தது. அவர் மே மாத இறுதியில்தான் இத்தாலியின் ஃபியோரென்டினா கிளப்பில் நியமிக்கப்பட்டிருந்தார். அங்கே பயிற்சி தொடங்கும் முன்பே, 23 நாளில், ஜூன் 17 அன்று பிரிந்துவிட்டார். அன்று மாலைக்குள் டாட்டன்ஹாம் ரசிகர்கள் அவருக்கு எதிராகச் சமூக ஊடகத்தில் திரண்டுவிட்டனர். பெண்கள் பற்றியும் ஒருபாலினத் திருமணம் பற்றியும் இனவெறி பற்றியும் அவர் முன்பு சொன்னவை எல்லாம் தோண்டி எடுக்கப்பட்டன. இன்னொரு பழைய கணக்கும் இருந்தது. 2011 பிப்ரவரியில் மிலான் நகரின் சான் சிரோ மைதானத்தில் டாட்டன்ஹாம் 1–0 என வென்ற ஆட்டத்தில், ஏசி மிலானின் அணித்தலைவராக ஆடிய கத்தூசோ, டாட்டன்ஹாமின் பயிற்சிக் குழுவைச் சேர்ந்த ஜோ ஜோர்டனின் கழுத்தை ஆட்டத்தின் நடுவே பிடித்தார், ஆட்டம் முடிந்ததும் தலையால் முட்டினார். ஐரோப்பிய ஆட்டங்களிலிருந்து சில போட்டிகளுக்குத் தடையும் வாங்கினார். ஒரே நாளில் கிளப் பின்வாங்கியது. ரசிகர்களின் சத்தத்துக்குப் பணிந்து முடிவெடுத்தது தவறு என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் சூப்பர் லீக்கில் ரசிகர்களைக் கலக்காமல் கையெழுத்திட்டு அவமானப்பட்ட நிர்வாகம், அதே கோடையில் இரண்டாவது முறையும் அவர்களோடு மோதியிருந்தால், கத்தூசோ முதல் ஆட்டத்தைத் தோற்ற அன்றே பதவியை இழந்திருப்பார்.

ஜூன் 30 அன்று நூனோ எஸ்பிரிட்டோ சான்டோ இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் நியமிக்கப்பட்டார். உல்வர்ஹாம்டனை இரண்டாம் நிலை லீக்கிலிருந்து மேலே கொண்டுவந்து, அடுத்தடுத்து இரண்டு பருவங்களில் 7ஆம் இடத்தில் நிறுத்தியவர் அவர்; மதிக்கத்தக்க சாதனை. ஆனால் பின்னால் இறுக்கமாக நின்று, பந்தை எதிரணியிடம் விட்டு, இடைவெளி கிடைக்கும்போது பாய்வதுதான் அவர் பாணி. லீவியின் கடிதத்துக்கு அதைவிட எதிரான பாணியைத் தேடிப் பிடிக்க முடியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: மே 16 அன்று, இடைக்காலப் பயிற்சியாளரான மேசனின் அணியிடம் டாட்டன்ஹாம் மைதானத்தில் 2–0 எனத் தோற்றுப்போனது நூனோவின் உல்வர்ஹாம்டன் அணிதான். ஆறு வாரம் கழித்து அதே மைதானத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது.

முதல் ஆட்டத்தில் சொன் ஹியுங்-மின் அடித்த கோலில் மான்செஸ்டர் சிட்டியை 1–0 என வென்றார்கள். அடுத்த இரண்டு ஆட்டங்களும் 1–0. ஆகஸ்ட் மாதத்தின் சிறந்த மேலாளர் விருதும் நூனோவுக்குக் கிடைத்தது. பிறகு எல்லாம் சரிந்தது. அந்தக் கோடை முழுவதும் மான்செஸ்டர் சிட்டிக்குப் போக விரும்பி, கடைசியில் போக முடியாமல் தங்கிவிட்ட முன்னணித் தாக்குதல் வீரர் ஹாரி கேன், நூனோவின் பத்து லீக் ஆட்டங்களில் ஒரே ஒரு கோல்தான் அடித்தார். அணி மொத்தமாக அடித்தது 9 கோல்கள். அக்டோபர் 30 அன்று மான்செஸ்டர் யுனைடெட்டிடம் சொந்த மைதானத்தில் 3–0 எனத் தோற்ற ஆட்டத்தில், கோல் சட்டத்துக்குள் போகும்படி ஒரு பந்துகூட அடிக்கப்படவில்லை. இரண்டாம் பாதியில் லூகாஸ் மோராவை வெளியே அழைத்தபோது அரங்கமே கூச்சலிட்டது, என்ன செய்கிறோம் என்றே உனக்குத் தெரியவில்லை என்று மேலாளரைப் பார்த்துப் பாடியது. நவம்பர் 1 அன்று நூனோ நீக்கப்பட்டார். மறுநாள் பதவியேற்றவர் யார் தெரியுமா? ஜூனில் பேச்சு முறிந்த அதே கோந்தே. 72 நாள் தேடிக் கிடைத்தவர் நான்கு மாதம் நீடித்தார். அவருக்கு அடுத்தவர் ஒரே நாளில் வந்தார். கோந்தே அந்தப் பருவத்தை 4ஆம் இடத்தில் முடித்து, அணியை ஐரோப்பாவின் முதன்மைப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்குக்குத் திருப்பிக் கொண்டுபோனார்.

தேடல் நீண்டதுதான் குற்றம் என்று யாரும் நினைத்தால், இந்தக் கிளப்பின் அடுத்த தேடலைப் பார்க்கலாம். 2023 மார்ச் 18 அன்று சவுதாம்ப்டனில் 3–3 எனச் சமனான ஆட்டத்துக்குப் பின், தன் வீரர்களைச் சுயநலக்காரர்கள் என்று செய்தியாளர்கள் முன் விளாசிய கோந்தே, மார்ச் 26 அன்று விலகினார். ஜூன் 6 அன்று ஆஞ்சே போஸ்டகோக்லு நியமிக்கப்பட்டார். எண்ணிப் பார்த்தால் இதுவும் சரியாக 72 நாள்தான். இடையில் தேடப்பட்ட, நெதர்லாந்தின் ஃபெயனோர்ட் கிளப் பயிற்சியாளர் ஆர்னே ஸ்லாட் அங்கேயே தங்கிவிட்டார், யுவென்டஸின் கணக்கு முறைகேட்டு வழக்கில் தடை விதிக்கப்பட்ட பாரத்தீச்சியும் பதவி விலகினார்; குழப்பத்துக்கு இம்முறையும் பஞ்சமில்லை. ஆனால் வந்தவர், 2021இல் லீவி எழுதிய கடிதத்தை வரிக்கு வரி நிறைவேற்றுபவர்போல ஆடவைத்தார். 2025 மே மாதம் பில்பாவோவில் மான்செஸ்டர் யுனைடெட்டை 1–0 என வென்று யூரோப்பா லீக் கோப்பையையும் கொண்டுவந்தார், 17 ஆண்டுகளில் முதல் கோப்பை. அந்தப் பருவத்தின் லீக்கில் 22 தோல்விகளோடு 17ஆம் இடம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இதில் எனக்கு மிகவும் உறைப்பது ஒரு தேதி. முதல் தேடல் நடந்துகொண்டிருந்த 2021 கோடையிலேயே கிளாஸ்கோவின் செல்டிக் கிளப்பும் மேலாளரைத் தேடிக்கொண்டிருந்தது. அவர்கள் நெடுநாள் காத்திருந்த எடி ஹவ் கடைசி நேரத்தில் மறுத்துவிட, ஜப்பானின் யோகோஹாமா எஃப் மரினோஸில் 2019இல் லீக் பட்டம் வென்றிருந்த போஸ்டகோக்லுவை ஜூன் 10 அன்று நியமித்தார்கள். கோந்தேயிடம் பேச்சு முறிந்து, பாரத்தீச்சி இன்னும் அறிவிக்கப்படாத அந்த வாரத்தில், கடிதம் வர்ணித்த பாணியில் அணியை ஆடவைக்கக்கூடியவர் யாரும் போட்டிக்கு இல்லாமல் கிடைத்துக்கொண்டிருந்தார். யோகோஹாமாவிலிருந்து நேராக ஒரு பிரீமியர் லீக் கிளப் ஆளை எடுத்திருக்குமா என்றால், எடுத்திருக்காது. பெயரைப் பார்த்துத் தேடினால் அவர் கண்ணில் படமாட்டார், பாணியைப் பார்த்துத் தேடினால்தான் படுவார்.

மறுப்புகள் தேடலைக் கெடுப்பதில்லை என்பதற்கு பயர்ன் மியூனிக்கின் 2024 அனுபவமே போதும். தோமஸ் டுகெல் பருவ முடிவில் விலகுவார் என்று பிப்ரவரியிலேயே அறிவித்துவிட்டு, மூன்று மாதம் எல்லோர் கண்ணெதிரிலும் தேடினார்கள். சாபி அலோன்சோ லெவர்குசனிலேயே இருப்பதாகச் சொன்னார். நாகல்ஸ்மான் ஜெர்மனி தேசிய அணியில் ஒப்பந்தத்தை நீட்டித்தார். ரால்ஃப் ராங்னிக் ஆஸ்திரியாவை விட மறுத்தார். கடைசியில், பர்ன்லி அணியோடு பிரீமியர் லீக்கிலிருந்து கீழிறங்கிய வின்சென்ட் கொம்பனியை எடுத்தபோது உலகமே சிரித்தது. அடுத்த ஆண்டே அவர் பட்டத்தை வென்றார். அழைக்கப்பட்ட நால்வரும் முன்னேறி அழுத்தி ஆடும் வகையினர் என்பதைக் கவனியுங்கள். ஒருவர் மறுத்தால் அதே வகையில் அடுத்தவரைத் தேடினார்கள். டாட்டன்ஹாமின் பட்டியலிலோ நாகல்ஸ்மானும் கோந்தேயும் ஃபொன்சேகாவும் கத்தூசோவும் நூனோவும் அடுத்தடுத்து நிற்கிறார்கள். இந்த ஐவரையும் ஒரே காரணத்துக்காக ஒரு கிளப் விரும்ப முடியாது.

இனி இரண்டாம் பகுதி. நீக்கும் முன்பே மாற்று ஆளைப் பேசி வைக்கலாமா? வேறு கிளப்போடு ஒப்பந்தத்தில் இருப்பவரை, அந்தக் கிளப்பின் அனுமதியில்லாமல் அணுகக் கூடாது என்பது முறை. அனுமதி கேட்டால் செய்தி கசியும், கசிந்தால் தற்போதைய மேலாளரின் சொல் உடைமாற்றும் அறையில் எடுபடாது. ஆகவே முகவர்கள் வழியாக, யாரும் யாரையும் சந்திக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளும் தொலைவில் வைத்து, விருப்பம் உண்டா, ஊதியம் எவ்வளவு, விடுவிப்புத் தொகை எவ்வளவு என்பது வரை அறிந்துகொள்வார்கள். வேலையில்லாமல் இருப்பவரிடம் இந்தத் தடை இல்லை. டாட்டன்ஹாமே 2019 நவம்பர் 19 மாலை பொச்செட்டினோவை நீக்கிவிட்டு, மறுநாள் காலை மொரினியோவை அறிவித்தது. அவ்வளவு வேகம் முன்பேச்சில்லாமல் வராது. அந்த வேகமும் கிளப்பைக் காப்பாற்றவில்லை என்பதால்தான் 2021இல் இந்தத் தேடலே தேவைப்பட்டது. பேசி வைப்பது நாட்களை மிச்சப்படுத்தும்; தேர்வு சரியா தவறா என்பது அதில் அடங்காது.

நீக்கும் முன் செய்து முடித்திருக்க வேண்டியது வேறு. மேலாளரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பதை எழுத்தில் தீர்மானித்து, அவர் பதவியில் அமர்ந்த பிறகுதான் பழைய மேலாளரை அழைத்துப் பேசியிருக்க வேண்டும். 7ஆம் இடத்தில் இருந்த அணிக்கு ஏப்ரல் 19 என்ற தேதியில் எந்த அவசரமும் இல்லை. இறுதிப் போட்டியை மொரினியோவே நடத்தியிருந்தாலும், பருவம் மே 23 அன்று முடிந்திருக்கும். பாரத்தீச்சி மே இறுதியில் யுவென்டஸை விட்டு வந்தபோது, அவர் முன்னால் பாதி முடிந்த பேச்சுகள் இல்லாமல் வெறும் மேசை இருந்திருக்கும். அவர் அப்போதும் நூனோவைத்தான் எடுத்திருப்பாரா என்று கேட்டால், எடுத்திருக்கலாம். ஆனால் ஜூலை முதல் வாரத்தில் பயிற்சி தொடங்க இருக்கையில், வேறு யாரும் மிச்சமில்லை என்பதற்காக எடுத்திருக்க மாட்டார்.